மைலேஜ் பிரேக்கில் இருக்கிறது

காகிதத்தில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் 2022-இல் விற்பனைக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட எண் அது. அதே இன்ஜினோடு வந்த டொயோட்டா ஹைரைடருக்கும் அதுவேதான். அதற்குச் சில மாதங்கள் முன்பு வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டுக்கு 26.5, அந்த ஆண்டின் கடைசியில் வந்த இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24. இந்த எண்களை நம்பி வண்டி எடுத்த பலர், முதல் மாதம் டேஷ்போர்டில் 19, 20 என்று பார்த்துவிட்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள். வண்டியில் கோளாறு எதுவும் இருக்காது.

சாக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு காரில் போய்வருகிறவரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வரும். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றிப்போகும் லாரி, பின்னால் எது வந்தாலும் கவலைப்படாத டிராக்டர், ஊருக்கு ஊர் வேகத்தடை, காரைக்குடிக்குள் நுழைந்ததும் செக்காலை ரோட்டின் நெரிசல். ஹைபிரிட் கார் யாருக்காக உருவாக்கப்பட்டதோ, அந்த ஆள் இவர்தான். நின்று நின்று போகும் பயணத்தில் சாதாரண பெட்ரோல் கார் பெட்ரோலைக் கொட்டும், ஹைபிரிட் சேமிக்கும். ஆனால் இதே பயணத்தில்தான் ஹைபிரிட்டின் மைலேஜைக் கெடுக்கும் வழிகளும் அதிகம்.

முதலில் அந்த 27.97 எங்கே எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் கார்களின் மைலேஜ் சான்று ஆய்வகத்தில், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓடவிட்டு எடுக்கப்படுவது. சோதனை இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓடும் தூரம் பதினொரு கிலோமீட்டருக்கும் குறைவு, சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ.யை ஒட்டி, உச்ச வேகம் 90. ஏ.சி. ஓடாது. எதிர்க்காற்று இல்லை, வேகத்தடை இல்லை, குறுக்கே ஓடும் ஆடு இல்லை. அந்த எண் பொய்யல்ல. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிடுவதற்கான அளவுகோல், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போகிறவருக்கு அதே எண் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஹைபிரிட் என்று இன்று விற்கப்படுவதிலும் இரண்டு ஜாதி உண்டு. 2015-இல் மாருதி சியாஸில் வந்த ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ போன்றவை மைல்டு ஹைபிரிட். சிக்னலில் இன்ஜினை நிறுத்தி எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தோள் கொடுக்கும், மின்சாரத்தில் மட்டும் சக்கரத்தைச் சுற்ற அவற்றால் முடியாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் வேறு. கிராண்ட் விட்டாராவில் 92 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினோடு 80 குதிரைத்திறன் மின் மோட்டாரும் இருக்கிறது. ஊருக்குள் ஊர்ந்து போகும்போது பெரும்பாலான நேரம் இன்ஜின் தூங்கும், மோட்டார்தான் இழுக்கும். இந்தக் கட்டுரை இந்த இரண்டாவது ஜாதியைப் பற்றியது.

இதன் மூதாதை, ஜப்பானில் 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ். அதன் அடிப்படைத் தந்திரம் இன்றுவரை மாறவில்லை. பிரேக் பிடிக்கும்போது சாதாரணக் காரில் வண்டியின் வேகம் முழுவதும் டிஸ்கில் சூடாகிக் காற்றில் போய்விடும். ஹைபிரிட்டில் அதே மோட்டார் டைனமோவாக மாறி, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் தள்ளும். பெட்ரோல் ஊற்றி வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி திரும்பிக் கையில் வருகிறது. எவ்வளவு வருகிறது என்பது டிரைவரின் காலைப் பொறுத்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது விளங்கும். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல், வீட்டு மின்மீட்டர் கணக்கில் 0.054 யூனிட். இதைப் பத்து விநாடியில் நிதானமாக நிறுத்தினால் சராசரியாக 19 கிலோவாட் வீதம் மின்சாரம் வெளியே வரும். மோட்டாரும் பேட்டரியும் அதைச் சமாளிக்கும். அதே காரை நாலு விநாடியில் மிதித்து நிறுத்தினால் சராசரி 49 கிலோவாட். முதல் கணத்தில் அது 90-ஐயும் தாண்டும். கிராண்ட் விட்டாரா மோட்டாரின் மொத்தத் திறனே 59 கிலோவாட்தான். பேட்டரியோ அதைவிடச் சின்ன வாய். மிஞ்சியதெல்லாம் பழையபடி டிஸ்க்குக்குப் போய்ச் சூடாகும். பத்து விநாடியில் நிற்க எண்பது மீட்டர் சாலை வேண்டும், நாலு விநாடிக்கு முப்பத்து மூன்று போதும். அந்த ஐம்பது மீட்டர் வித்தியாசத்தில்தான் ஹைபிரிட் மைலேஜின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. முன்னால் வேகத்தடை இருப்பதும், பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நிற்பதும் தெரிந்த உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே போகிறவருக்கு மின்சாரம் சேரும். கடைசி நிமிடத்தில் கண் விழிக்கிறவருக்குப் பிரேக் பேட்தான் தேயும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரேக்கில் பிடித்த மின்சாரத்தைத் திரும்பச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியில் கரைந்துவிடும். மோட்டாரில் கொஞ்சம், பேட்டரிக்குள் நுழையும்போது கொஞ்சம், வெளியே வரும்போது கொஞ்சம். ஆகவே பிடித்துச் சேர்ப்பதைவிட, பிடிக்கவே தேவையில்லாமல் ஓட்டுவது லாபம். ‘சார்ஜ்’ முள் மேலே ஏறுவதைப் பார்க்கும் ஆசையில் வேண்டுமென்றே வேகம் பிடித்து வேண்டுமென்றே பிரேக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேமிப்பது பெட்ரோல் அல்ல.

தமிழ்நாட்டு டிரைவர்களிடம் ஒரு தலைமுறையாக ஊறிப்போன சில வித்தைகளை இந்த வண்டியில் மறக்க வேண்டியிருக்கிறது. “நியூட்ரல்ல தட்டி விட்டா வண்டி சும்மா போவும்ணே” என்பது அதில் முதலாவது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஹைபிரிட்டில் நியூட்ரலில் போட்டால் மோட்டாருக்கும் பேட்டரிக்குமான தொடர்பே துண்டிக்கப்படும், பிரேக்கில் வரும் மின்சாரம் சேராது. நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது என்று டொயோட்டாவின் கையேடுகளே எச்சரிக்கின்றன. இறக்கத்தில் சாவியைத் திருகி இன்ஜினை அணைக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹைபிரிட்டில் இன்ஜினை அணைப்பதும் எழுப்புவதும் கம்ப்யூட்டரின் வேலை, அதை அது டிரைவரைவிட நன்றாகச் செய்கிறது.

புதிய வித்தை என்று நினைத்து ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. அதுதான் ‘இ.வி.’ பொத்தான். அழுத்தினால் கொஞ்ச தூரம் மின்சாரத்தில் மட்டும் ஓடும், பெட்ரோல் செலவே இல்லை என்று தோன்றும். ஆனால் கிராண்ட் விட்டாராவின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன ஜாடி என்று புரியும். பிளக்கில் செருகி நிரப்பும் வசதியும் இல்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு துளியும் ஏதோ ஒரு நேரத்தில் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். இ.வி. பொத்தானால் காலி செய்த பேட்டரியை நிரப்ப இன்ஜின் அடுத்த கிலோமீட்டரில் கூடுதலாக உழைக்கும். ராத்திரி வீட்டுக் காம்பவுண்டுக்குள் சத்தமில்லாமல் வண்டியை நகர்த்த அது பயன்படும். மைலேஜுக்குப் பயன்படாது.

இந்தப் பேட்டரியைக் காலியாகவும் விடாமல் நிரம்பவும் விடாமல் கம்ப்யூட்டர் ஏன் பாதுகாக்கிறது என்ற கேள்விக்கு விடை தரக்கூடிய ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. கல்லூரிச் சாலையில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்களுக்கு ‘செக்ரி’. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஈய அமில பேட்டரியிலிருந்து லித்தியம் அயனி வரை அங்கே ஆராய்ச்சி நடந்துவருகிறது. மின்வேதியியல் சொல்வது இதுதான்: பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சுவதும், கழுத்துவரை திணிப்பதும், சூட்டில் போட்டு வேகவைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். அதனால்தான் ஹைபிரிட் கார்கள் பேட்டரியைப் பெரும்பாலும் 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்கின்றன. திரையில் கோடுகள் பாதியில் நிற்பதைப் பார்த்து ‘சார்ஜே ஏற மாட்டேங்குது’ என்று வருந்துவது வீண்.

சின்ன ஜாடியின் எல்லையைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் போனால் போதும். மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கும்போது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் குறைகிறது. 1,400 கிலோ வண்டிக்கு அது ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான ஆற்றல். பேட்டரியில் இடமிருப்பது அரை யூனிட்டுக்கும் கீழே. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே நிரம்பிவிடும். அப்போதுதான் கியரில் உள்ள ‘பி’ (B) நிலை தேவைப்படுகிறது. இன்ஜினையே சுற்றவிட்டு வேகத்தைத் தடுத்து, பிரேக் சூடாகாமல் காக்கும். சமதளமான சிவகங்கைச் சீமையில் அன்றாடம் ‘பி’யில் ஓட்டுவதால் ஒரு லாபமும் இல்லை.

ஏ.சி. கதை தனி. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏ.சி. கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. ஆகவே இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி நிற்காது. இந்தச் சொகுசுக்கு விலை உண்டு. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் சீராகப் போவதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது இரண்டு, இரண்டரை கிலோவாட். வெயிலில் நின்று கொதித்த காரைக் குளிர்விக்க ஏ.சி. முழு மூச்சில் ஓடும்போது அதுவும் ஏறக்குறைய அதே அளவைக் கேட்கும். அதாவது நடுப்பகலில் காரைக்குடி பெரியார் சிலை பக்கம் ஊர்ந்து போகும் காரில், வண்டியை நகர்த்துவதைவிட உள்ளே இருப்பவரைக் குளிரவைப்பதற்குத்தான் அதிகம் செலவாகலாம். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சூடான காற்றை வெளியே அனுப்பிவிட்டு ஏ.சி. போடுவது, 18 டிகிரிக்குப் பதில் 25-இல் வைப்பது, உள்காற்றையே சுழலவிடுவது, நிழல் பார்த்து நிறுத்துவது. எல்லாம் பாட்டி வைத்தியம் போலத் தெரியும், ஆனால் குறைந்த தூர, குறைந்த வேகப் பயணத்தில் இவை டயர் காற்றைவிடப் பல மடங்கு முக்கியம்.

டயர் காற்றைப் பற்றிச் சொல்வதானால், அதன் பெருமை சற்று ஊதப்பட்டது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி டயரில் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். எட்டு பி.எஸ்.ஐ. குறைந்தாலும் இழப்பு இரண்டு சதவீதத்தைத் தொடாது. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பிடித்தால் போதும். காற்று குறைந்த டயர் வெடிக்கும் ஆபத்து பெட்ரோல் இழப்பைவிடப் பெரியது.

பத்து கிலோமீட்டர் பயணத்தின் மிகப் பெரிய எதிரி குளிர்ந்த இன்ஜின். காலையில் முதன்முறை கிளப்பும்போது, பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தாலும், இன்ஜின் எழுந்து கொஞ்ச நேரம் ஓடியே தீரும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த முதல் சில கிலோமீட்டரில்தான் மைலேஜ் படுமோசமாக இருக்கும். காலையில் பாங்க், மதியம் மருந்துக்கடை, மாலையில் கொப்புடையம்மன் கோயில் என்று மூன்று முறை சாக்கோட்டையிலிருந்து கிளம்புகிறவர் அந்த அபராதத்தை மூன்று முறை கட்டுகிறார். மூன்றையும் ஒரே சுற்றில் முடித்தால் அது ஒரு முறையோடு போகும். எந்தப் பொத்தானும் தராத சேமிப்பு இது.

திருச்சி சாலையில் ஏறிவிட்டால் ஆட்டத்தின் விதி மாறுகிறது. ஹைபிரிட்டின் பலம் நகரத்தில்தான். 2010 பிரியஸுக்கு அமெரிக்க அரசு கொடுத்த மதிப்பீடு நகரத்தில் கேலனுக்கு 51 மைல், நெடுஞ்சாலையில் 48. சாதாரண காருக்கு இது தலைகீழாக இருக்கும். நெடுஞ்சாலையில் எதிரி காற்று. வேகம் 80-இலிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒரு கிலோமீட்டருக்கு 56 சதவீதம் கூடும். பிடித்துச் சேர்க்கப் பிரேக்கும் அதிகம் இல்லை, இன்ஜினும் ஏறக்குறைய முழு நேரமும் விழித்திருக்கும். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குச் சுமார் 90 கி.மீ. சாலை முழுக்க வெறிச்சோடிக் கிடந்தாலும் 80-க்குப் பதில் 100-இல் போனால் மிச்சமாவது பதின்மூன்று, பதினான்கு நிமிடம்.

காற்றை ஏமாற்ற லாரியின் முதுகில் ஒட்டிப்போவது பற்றி வெளிநாட்டு மைலேஜ் வெறியர்கள் நிறையப் பேசுவார்கள். அவர்களின் சாதனைகளும் சாதாரணமானவை அல்ல. 2005-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு குழு, ஆள் மாற்றி ஆள் ஓட்டி, பிரியஸை ஒரே டேங்க்கில் ஏறத்தாழ 2,250 கி.மீ. ஓட்டியது. லிட்டருக்கு 46 கி.மீ.க்கும் மேல். மெல்ல வேகம் பிடிப்பது, பிறகு காலை எடுத்து மிதக்கவிடுவது, மறுபடி பிடிப்பது என்பதுதான் அவர்களின் முறை. பின்னால் ஏர்ஹாரன் அடிக்கும் டவுன் பஸ் இல்லாத ஊரில் அது நடக்கும். நம் சாலையில் பின்னால் வருபவரின் பொறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டுவது எந்த ஊரிலும் வேண்டாம்.

செம்மண் பூமியில் ஓடும் வண்டிக்கு இன்னொன்று முக்கியம். ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கக் காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் துவாரம் ஒன்று இருக்கும். மாடலைப் பொறுத்து அது பின் இருக்கைப் பக்கமோ வேறிடத்திலோ இருக்கும். அதன்மேல் பை, துண்டு, சாமி பிரசாதக் கூடை என்று வைத்து அடைப்பதும், உள்ளே உள்ள வடிகட்டியில் தூசி சேரவிடுவதும் பேட்டரியைச் சூடாக்கும். சூடான பேட்டரி குறைவாகவே வாங்கும், குறைவாகவே கொடுக்கும், பிறகு இன்ஜின்தான் ஓட வேண்டும். இதை நன்கு அறிந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். வரிச்சலுகை இருந்த ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து பிரியஸ், அக்வா, வெசல் என்று ஹைபிரிட்கள் அங்கே குவிந்தன. 2020-இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை திறக்காததால், இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதே பிழைப்பாயிற்று. பேட்டரியைப் பிரித்து, பழுதான செல்லை மட்டும் மாற்றி, விசிறியைத் துடைத்துக் கொடுக்கும் பட்டறைகள் அங்கே பெருகின.

மைலேஜ் குறைந்ததற்கு டிரைவர் பொறுப்பாகாத காரணமும் ஒன்று உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் அது ஆறு, ஏழு சதவீதக் குறைவாக வந்து நிற்கிறது. அதற்கென்றே டியூன் செய்த இன்ஜினில் இழப்பு ஓரளவு குறையும்.

சேமிப்பை அளக்கும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. ‘லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்ற எண் உயரமாகப் போகப் போக அதன் பணமதிப்பு குறையும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி 10-இலிருந்து 15-க்கு ஏறினால் 33 லிட்டர் மிச்சம். அதே ஐந்து கிலோமீட்டர், 20-இலிருந்து 25-க்கு ஏறினால் மிச்சம் பத்தே லிட்டர். ஆகவே 22 வருகிறதே, 24 வரவில்லையே என்று இரவு தூக்கம் கெடுப்பவர் நினைத்துப் பார்க்க வேண்டியது மாதம் நாலு லிட்டரை. டேஷ்போர்டு காட்டுவதை அப்படியே நம்பவும் வேண்டாம். டேங்க்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி முழுக்க நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுப்பதுதான் கணக்கு. ஒரு டேங்க்கை வைத்து முடிவு செய்யாமல் மூன்று நான்கு டேங்க் பார்த்தால் உண்மை தெரியும்.

இதையெல்லாம் செய்தாலும் எல்லோருக்கும் ஹைபிரிட் கட்டுபடியாகாது. நாலு மீட்டரைத் தாண்டிய ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். சாதாரண பெட்ரோல் மாடலைவிட ஹைபிரிட் இரண்டு லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 15 கொடுக்கும் வண்டிக்குப் பதில் 21 கொடுக்கும் வண்டி, மாதம் 1,000 கி.மீ. ஓட்டம், லிட்டர் நூறு ரூபாய். மிச்சமாவது மாதம் 1,900 ரூபாய். போட்ட பணம் திரும்ப எட்டே முக்கால் ஆண்டு ஆகும். பேட்டரிக்குக் கம்பெனிகள் தரும் வாரன்ட்டி எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குன்றக்குடிக்குப் போய்வருகிறவர் இதற்காக ஹைபிரிட் வாங்க வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்கும் மாதம் 3,000 கி.மீ. ஓட்டும் வாடகைக் கார்காரருக்கோ அதே இரண்டு லட்சம் மூன்று ஆண்டுக்குள் கைக்கு வந்துவிடும், பேட்டரி வாரன்ட்டியின் 1,60,000 கி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு அப்போதும் மிச்சமிருக்கும்.